ஒரு டின் திராட்டில் கிளீனரும் எங்கள் வீட்டு மாருதி 800-உம்

எங்கள் வீட்டு மாருதி 800, 2007-இல் வாங்கியது; திருநெல்வேலியின் டி.என். 72 பதிவெண். ஓட்டத்தில் அதற்கு இன்றும் ஒரு குறையும் இல்லை. நாங்குநேரி வழியாக நாகர்கோவில் வரை மூச்சு விடாமல் போய் வரும். ஆனால் சென்ற ஆனி மாதத்திலிருந்து, நின்ற இடத்தில் நடுங்கத் தொடங்கியது. பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டு வண்ணார்பேட்டை ரவுண்டானா நெரிசலில் நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்த உடனே எஞ்சின் ஒருமுறை ஏறும், ஒருமுறை இறங்கும். இளைப்பு வந்தவர் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால் சில நேரம் அணைந்தே போய்விடும். ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் நகரப் பேருந்து ஒட்டி நிற்கும்போது இரண்டு முறை அப்படி அணைந்தது. "என்னங்க, நிக்கும்போதே இந்த ஆட்டம் ஆடுதே, இதுல எப்படி ஊருக்குப் போறது?" என்று என் மனைவி கேட்டதில் நியாயம் இருந்தது.

பட்டறை ஒன்றில் காட்டினேன். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டவர், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியை மோட்டாரோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்றும், கூலியுடன் ஏழாயிரத்துக்குக் குறையாது என்றும் சொன்னார். எதையும் கழற்றிப் பார்க்காமல் சொன்ன தொகை ஆகையால் மனம் ஒப்பவில்லை. திரும்பும் வழியில் ஓர் உதிரிபாகக் கடையில் 420 ரூபாய் கொடுத்து, 500 மி.லி. திராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரே டின் ஒன்றை வாங்கி வந்தேன். இந்த மதிப்புரை அந்த டின்னைப் பற்றியது. தயாரிப்பாளரின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த இனத்துச் சரக்கு முழுவதற்கும் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுக்கைக் கரைக்கும் வேலையை இந்த டின் நன்றாகவே செய்கிறது. ஆனால் என் வண்டியின் நோயை அது தீர்க்கவில்லை. நோய் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது. அந்த இரண்டாவது பயன் டின்னின் மேல் எங்கும் அச்சிடப்படவில்லை. எனக்கோ கொடுத்த 420 ரூபாய்க்கும் ஈடாக நின்றது அதுதான்.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1983-இல் வெளிவந்த மாருதி 800 முதலில் கார்புரேட்டர் வண்டி. 2000 வாக்கில், கணினி கணக்கிட்டுப் பெட்ரோலைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தது, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்றே சிலிண்டர். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு நின்ற இடத்தில் ஒரு மெல்லிய அதிர்வு பிறவிக் குணம். அதை நோய் என்று எண்ணி மருந்து தேடக் கூடாது. டேஷ்போர்டில் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டரும் கிடையாது. ஆகவே நான் ஒரு பழைய வழியைக் கையாண்டேன். எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, டேஷ்போர்டின் சமமான பகுதியில் வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட வேண்டும். நல்ல எஞ்சினில் நீரின் மேல் மெல்லிய வளையங்கள் ஒரே சீராக விழும். எங்கள் வண்டியில் வளையங்கள் கலைந்து, சில நொடிகளுக்கு ஒருமுறை நீர் விளிம்பு வரை சாய்ந்து திரும்பியது. அதிர்வு வேறு, தடுமாற்றம் வேறு என்பதை இந்த டம்ளர் காதைவிடத் தெளிவாகச் சொல்கிறது. எஞ்சின் சத்தம் சீராக இருந்து, ஸ்டீயரிங்கும் இருக்கையும் மட்டும் அதிர்ந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் நைந்திருக்கும். அதற்கு எந்த ஸ்ப்ரேயும் உதவாது.

திராட்டில் ஏன் அழுக்காகிறது என்பது தெரிந்தால்தான் டின்னின் எல்லையும் தெரியும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், காற்று வரும் வழியில் இருக்கும் வட்டத் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. அப்போது எஞ்சின் உயிரோடு இருப்பது, தகட்டின் விளிம்பில் இருக்கும் மயிரிழை இடைவெளி வழியாகவும், ஐ.எஸ்.சி. என்று சொல்லப்படும் சிறு வால்வு திறந்துவிடும் பக்கவாட்டு வழியாகவும் வரும் காற்றினால்தான். எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து எழும் எண்ணெய் ஆவி மறுபடியும் இந்த வழிக்கே திருப்பிவிடப்படுகிறது. ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்புழுதி அந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி, ஆண்டுக்கணக்கில் கரியாக இறுகுகிறது. நம் பக்கத்தில் ஆனி, ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து அடிக்கும் மாதங்களில் வள்ளியூர், பணகுடி, திசையன்விளைப் பக்கம் போய் வருகிறவர்கள் ஒருமுறை ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்க்கட்டும். தேரிக்காட்டுச் செம்மண் எவ்வளவு கொட்டும் என்று தெரியும். என்னுடையதில் ஒரு கைப்பிடி கொட்டியது. ஃபில்டரை முதலில் மாற்றிவிட்டுத்தான் டின்னைத் திறந்தேன்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது கார்புரேட்டர் கிளீனர். "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார். இரண்டும் ஒன்றல்ல. கார்புரேட்டர் கிளீனரில் இருக்கும் கரைப்பான் கடுமையானது. திராட்டில் தகட்டின் விளிம்பில் சில தயாரிப்பாளர்கள் பூசும் மெல்லிய மேற்பூச்சையும், பக்கத்தில் இருக்கும் ரப்பர் வளையங்களையும் அது கெடுத்துவிடக்கூடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு 'திராட்டில் பாடி' என்று தனியாக அச்சிட்ட டின்னே ஏற்றது. பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் தொட்டுத் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் திறந்த கிண்ணத்தில் பெட்ரோலை வைத்துக்கொண்டு வேலை செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலை எளிது. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர்க் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி இழுத்தால் திராட்டிலின் வாய் தெரிகிறது. ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்கும் வளைவைக் கையால் திருப்பினால் தகடு திறக்கிறது. அதன் பின்பக்கத்தைக் கைபேசி விளக்கில் பார்த்தபோது, பல நாள் தேய்க்காத தோசைக்கல்லின் அடிப்பக்கம்தான் நினைவுக்கு வந்தது. தகடு மூடும் இடத்தில், சுற்றுச்சுவரில் ஒரு கரி வளையம் நெல்மணித் தடிமனுக்கு ஏறியிருந்தது. முதல் பீச்சலுக்கு அது அசையவில்லை. இரண்டு நிமிடம் ஊறவிட்டு இரண்டாவது முறை அடித்தபோது ஓரம் நெகிழ்ந்து, கறுத்த சாறாக வழியத் தொடங்கியது. பழைய பல்துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்து, கிழிந்த வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். வேட்டித் துணியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அது பஞ்சு விடாது, தேய்ந்த பனியன் துண்டு நூல் விடும், அந்த நூல் நேரே எஞ்சினுக்குள் போகும். மூன்றாவது சுற்றில் அலுமினியத்தின் வெண்மை தெரிந்தது. டின்னில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதற்கே செலவாயிற்று.

ஐ.எஸ்.சி. வால்வையும் கழற்றி அதன் முனையையும் காற்று வழியையும் கழுவினேன். இங்கே அவசரம் கூடாது. வால்வின் பின்பாதியில் மின்மோட்டார் இருக்கிறது. கரைப்பான் அதற்குள் இறங்கினால், பட்டறைக்காரர் சொன்ன ஏழாயிரத்தை நாமே வரவழைத்துக்கொண்டவர்கள் ஆவோம். முனை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, குறுகிய பீச்சல்களாக அடித்து, உடனே துடைத்துவிட வேண்டும். புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கேபிள் இல்லாமல் மின்மோட்டாரே தகட்டைத் திறக்கும் வண்டிகளில் விரலால் தகட்டைத் தள்ளக் கூடாது, உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் பழுதாகலாம்.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். தகடு முழுவதும் மூடிவிடாதபடி தடுத்து நிறுத்தும் சிறு திருகு ஒன்று அங்கே இருக்கும். ஆலையிலேயே அளந்து, பெயிண்ட் பொட்டு வைத்து அனுப்புவார்கள். கார்புரேட்டர் காலத்துக் கைகளுக்கு அதைக் கண்டதும் அரிப்பு எடுக்கும். 'ஸ்லோ'வை, அதாவது நின்ற நிலையில் எஞ்சின் ஓடும் வேகத்தை, கொஞ்சம் ஏற்றி வைத்தால் நடுக்கம் மறையும் என்பது ஸ்கூட்டர் காலத்து வைத்தியம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அதைத் திருகினால், கால் எடுக்கப்பட்டுவிட்டது என்ற செய்தியே கணினிக்குச் சரியாகப் போய்ச் சேராமல், இருக்கும் குழப்பம் இரட்டிக்கும். என் வண்டியில் பெயிண்ட் பொட்டு உடையாமல் இருந்ததைப் பார்த்து நிம்மதி அடைந்தேன்.

எல்லாவற்றையும் பூட்டி, பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பினேன். நான்கு முறை இழுத்த பிறகே பிடித்தது. அரை நிமிடம் வெண்புகை, அதன் பிறகு தேவைக்கு மிஞ்சிய வேகத்தில் உறுமியது. டின்னில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே என் முதல் குறை. பல ஆண்டுகளாகக் கரி அடைத்த வழிக்கு ஏற்பக் கணினி வால்வை அதிகம் திறந்து பழகியிருக்கும். வழி திடீரென்று சுத்தமானதும் காற்று மிகுதியாகப் போகிறது. புதிய அளவைக் கணினி கற்றுக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். பேட்டரி முனையைக் கழற்றி வைத்தது அதற்கு ஓரளவு உதவுகிறது. அதன் பின், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஏ.சி.யும் விளக்குகளும் இல்லாமல், ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும் வரை ஓடவிட்டேன், பிறகு ஏ.சி. போட்டுச் சில நிமிடங்கள். இது தெரியாதவர் அந்த உறுமலைக் கேட்டு, டின் வண்டியைக் கெடுத்துவிட்டது என்றே முடிவு கட்டுவார்.

அன்று மாலை டம்ளரை மறுபடி வைத்தேன். எஞ்சின் ஆறியிருந்தபோது வளையங்கள் அழகாக விழுந்தன. பெருமாள்புரம் வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து சூட்டோடு வைத்தபோது, பழையபடி நீர் சாய்ந்தது. அணைந்து போவது நின்றிருந்தது. மூச்சு வாங்குவது நிற்கவில்லை. பாதி வெற்றி என்று சொல்லலாம். என் மனைவி முழுத் தோல்வி என்றார்.

மறுநாள் காலை, நோய் வேறிடத்தில் இருக்கலாம் என்ற எண்ணத்தில் பானெட்டைத் திறந்தேன். இந்த வண்டியில் உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் கருவி இல்லை; திராட்டிலைத் தாண்டிய காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துத்தான் கணினி காற்றின் அளவைக் கணக்கிடுகிறது. நின்ற நிலையில் அங்கே பாதரசக் கணக்கில் சுமார் 45 முதல் 55 செ.மீ. வரை வெற்றிடம் இருக்கும். எங்காவது ஓட்டை விழுந்து திருட்டுக் காற்று நுழைந்தால் அழுத்தம் கூடுகிறது. கணினி அதற்கு ஏற்றபடி பெட்ரோலைக் கூட்டுகிறது, வேகம் ஏறுகிறது. ஏறியதைக் கண்டு வால்வை அடைக்கிறது, வேகம் இறங்குகிறது. இறங்கியதைக் கண்டு மறுபடி திறக்கிறது. ஏறி இறங்கும் அந்த இளைப்பு பெரும்பாலும் இந்த இழுபறிதான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க இந்த டின் உதவியது. எஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது சூடேறுவதற்குள், ஒவ்வொரு ரப்பர்க் குழாயின் இணைப்பிலும் கேஸ்கெட் ஓரத்திலும் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் பீச்சிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஓட்டை இருக்கும் இடத்தில் கரைப்பான் உள்ளே உறிஞ்சப்படும். எஞ்சினின் சத்தம் உடனே மாறும். திராட்டிலின் அடியில் மாற்றமில்லை. மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் மாற்றமில்லை. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து எண்ணெய் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும், கட்டைவிரல் பருமனுள்ள பிரீதர் குழாயின் வளைவில் அடித்தபோது எஞ்சின் ஒரு தடவை விக்கியது. மறுபடி அடித்தேன், மறுபடி விக்கியது. அணைத்துவிட்டுக் குழாயைக் கழற்றினேன். மேல்பக்கம் பார்க்கப் புதிதுபோல் இருந்தது. வளைவின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கீறல். சற்றே மடக்கிப் பார்த்தேன். நமுக்காத முறுக்குபோல் சடக்கென்று ஒடிந்து கையோடு வந்தது.

இந்தச் சோதனையில் ஆபத்து இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. டின்னில் இருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம்; பிளக் வயரில் கசிவு இருந்தாலோ, சைலன்சர் மேனிஃபோல்டு சூடேறியிருந்தாலோ பானெட்டுக்குள் தீப்பிடிக்கும். நான் எஞ்சின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளி மணலை வைத்துக்கொண்டு செய்தேன். அந்த அளவு துணிச்சல் வேண்டாதவர்கள் சோப்புத் தண்ணீரைக் கைத்தெளிப்பானில் நிரப்பி, மின் இணைப்புகளில் படாமல் அடித்துப் பார்க்கலாம். சத்தம் மாறுவது அதிலும் தெரியும். உண்மையைச் சொன்னால், அடுத்த முறை நானும் சோப்புத் தண்ணீரைத்தான் எடுப்பேன்.

குழாய் ஒடிந்த செய்தி கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "எல்லாம் இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் செய்யுற வேலை, சொன்னா கேக்க மாட்டேங்கிறிய" என்று அடித்துச் சொன்னார். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிகளின் எரிபொருள் குழாய்களுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் ஒத்துக்கொள்ளாது என்ற கவலையில் பொருள் இருக்கிறது. ஆனால் இந்தக் குழாயில் பெட்ரோல் ஓடுவதே இல்லை. போவது எண்ணெய் ஆவியும் காற்றும். பதினெட்டு வருடச் சூடும் எண்ணெயுமே அதை முறுக்காக்கிவிட்டன. அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை.

புதிய குழாய் 140 ரூபாய். கடையில் முதலில் சாதாரணத் தண்ணீர்க் குழாயை வெட்டித் தர முனைந்தார்கள். அது எண்ணெய் ஆவிக்குச் சில மாதங்களில் ஊறி நெகிழ்ந்துவிடும். வெற்றிடத்துக்குச் சுவர் ஒட்டிக்கொள்ளவும் கூடும். வளைவு வார்த்தே வரும் அசல் குழாயைக் கேட்டு வாங்குவது நல்லது. கூடவே மூன்று பிளக்குகளையும் மாற்றினேன். பழையவற்றின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது. பிளக்கின் மேல் அச்சிட்ட எண்ணின் கடைசியில் 11 என்று இருந்தால் 1.1 மி.மீ. இடைவெளி என்று பொருள், எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு அந்த அளவு வேண்டும். கார்புரேட்டர் வண்டியின் பிளக்கை மாற்றிக் கொடுத்துவிடுவது கடைகளில் சாதாரணம்.

டின்னின் மேல் எனக்கு இருக்கும் மற்ற குறைகள் சிறியவை. பீச்சும் முனையில் செருகும் சிவப்புக் குழல் இறுகப் பிடிக்காமல், வேலைக்கு நடுவில் அம்பாகப் பறந்து பேட்டரித் தட்டின் அடியில் விழுந்தது. காந்தத்துக்கும் அகப்படாத பிளாஸ்டிக் ஆகையால், அதை ஈர்க்குச்சியால் கிளறி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. நெடி தலைவலி தரும். மூடிய ஷெட்டுக்குள் பயன்படுத்தவே கூடாது. கையுறை இல்லாமல் வேலை செய்ததில் விரல்தோல் இரண்டு நாள் வெளிறிக் கிடந்தது. மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்று டின்னில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மைலேஜில் நான் உணரத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

புகைச் சோதனையில் மட்டும் வேறுபாடு எண்ணாகவே தெரிந்தது. இந்த வயது பெட்ரோல் கார்களுக்கு நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதமும், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம்.மும் உச்சவரம்பு. நடுக்கம் இருந்த நாளில் ஹைட்ரோகார்பன் 900-ஐத் தாண்டி, "சர்வீஸ் பண்ணிட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழாயும் பிளக்கும் மாற்றிய பிறகு 300-க்குள் நின்றது. ஃபில்டர் தவிர்த்து மொத்தச் செலவு, டின், குழாய், பிளக் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாயை எட்டவில்லை.

ஆகவே யார் வாங்கலாம்? ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் திராட்டிலைத் திறந்தே பார்க்காத வண்டி வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். சென்ற ஆண்டுதான் சுத்தம் செய்தேன், ஆனாலும் நடுங்குகிறது என்பவர்கள் இந்தப் பணத்தைச் செலவழிப்பதற்கு முன் ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்க்கட்டும். வளைவுகளின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கட்டும். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எந்தச் சிலிண்டரின் இணைப்பைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை என்று தெரியும். அப்படி ஒன்று செத்துக் கிடந்தால் பட்டறைக்குப் போவதே சரி.

டின்னில் இன்னும் கால் பங்கு மீதி இருக்கிறது. அண்ணாச்சி தம்முடைய பழைய ஸ்கூட்டரின் கார்புரேட்டருக்குக் கேட்டார். இது அதற்கானதல்ல, இறுகிப்போன ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் நுண்துளையை, இது சுத்தமாக்காது, கார்புரேட்டர் கிளீனரையே வாங்குங்கள் என்றேன். ஒரு டின்னுக்குப் போய் இவ்வளவு கணக்கா என்று அவருக்கு மனத்தாங்கல். மறுநாள் அவர் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் முன்னைவிட மோசமாக விக்கிக்கொண்டிருந்தது. ஸ்லோ ஸ்குரூவைத் திருகியிருக்கிறார்.